பன்னிரண்டு டிகிரி மேடம்

பீர் குடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் ஆண்கள் பெருமூச்சு விடுவார்கள், பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவரோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இரண்டுமே வராது. பொறுமை போய் எழுந்து வந்துவிடுவீர்கள்.

புதுவாயல் ஜங்ஷனில் கம்பெனி பஸ் பிடித்துப் போக வேண்டிய பீர் கம்பெனி அது. அரசுக் கடைகள் ஊருக்கு ஊர் வந்திருந்த புதிது, சரக்குக்கு நல்ல கிராக்கி. நான் அங்கே டிஸ்பாட்ச். லாரி ஏற்றி அனுப்புவது என் வேலை. அனுப்பலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை. ஆகவே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக வாய்ப்பே இல்லாமல்தான் இருந்தது. மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'லேப் மேடம்'. அவருக்கு, மேனேஜரைத் தவிர நாங்கள் எல்லோருமே 'நைனா'. அவர் ஊர் எளாவூருக்குப் பக்கத்தில், ஆந்திரா எல்லையை ஒட்டிய கிராமம். கொஞ்சம் நெல் நிலம், அம்மா, இவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார்.

தினமும் மல்லிகைப்பூவை ஈர இலையில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவருவார். தலையில் வைக்கமாட்டார். பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய்கூட முந்தின நாள் ராத்திரிதான். காலை நாஷ்டா இரண்டு இட்லி, சட்னி இல்லாமல் சர்க்கரை தொட்டு. ருசி பார்க்கிற வேலை முடிந்த பிறகுதான் பூ தலைக்கு ஏறும், ஊறுகாய் தட்டுக்கு வரும். மத்தியானத்துக்கு மேல் லேப் பக்கம் மல்லிகை வாசம் அடித்தால் லாரிக்குத் தார்ப்பாய் கட்டலாம் என்று டிரைவர்களுக்கே தெரியும்.

புதிதாக வருகிறவர்கள், வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார் என்று நினைப்பார்கள். நானும் கேட்டேன்.

"துப்பினா கசப்பு தெரியாது நைனா. அது தொண்டையாண்ட போனாத்தான் தெரியும். ரெண்டு முழுங்கு உள்ள போவணும்."

"ஊட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா மேடம்?"

"சொல்லாம இருப்பாங்களா? எங்கம்மா தெனம் சொல்லுது. சம்பளத்த மட்டும் வாங்கி சாமி படத்தாண்ட வைக்குது."

அவருடைய மந்திரம் பன்னிரண்டு டிகிரி. சாம்பிள் பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே ஐந்து லாரி நிற்கும். டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள், நான் போய்க் கதவைத் தட்டுவேன். சரக்கு தேறினால் "ஆவும்" என்று கையெழுத்துப் போடுவார். அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னும் ஆவல" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது.

"சில்லுனு இருந்தா எல்லா பீரும் நல்ல பீருதான் நைனா. நாக்கு மரத்துப்பூடும். கொஞ்சம் சூடு ஏறினாத்தான் அது வாயத் தொறந்து உண்மைய சொல்லும்."

"அப்ப குடிக்கறதுக்கும் பன்னெண்டுதானா?"

"குடிக்கறதுக்கு ஏழு போதும். ஸ்ட்ராங்குன்னா பத்து. ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல காய்கறியாண்ட நிக்க வச்சிட்டு, எடுத்த உடனே தொறக்காம நாலு வார்த்த பேசிட்டுத் தொறந்தா சரியா இருக்கும். நீங்கள்லாம் ஐஸா ஆக்கிக் குடிக்கறீங்க பாரு, அது கசப்புத்தண்ணி."

நான் ஐஸ் ஆக்கிக் குடிக்கிற கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்துபோய், அது வெடித்து, என் மனைவி வறுக்க மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிர மீன் மொத்தமும் கண்ணாடித்தூளாகிவிட்டது. திங்கட்கிழமை இதை லேபில் சொன்னது என் முட்டாள்தனம். "மீனு இன்னா டிகிரில இருந்துச்சு நைனா?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டார்.

பண்டிகைக்கு முன்னால் ஆபீஸ் ஆட்கள் நைசாக அவரிடம் போவார்கள், எதை வாங்கலாம் என்று. நம் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டுப் போகாமல் பாடமே எடுப்பார். பெயரைப் பார்க்காதே, லேபிளில் தேதியைப் பார். புதுசாக இருந்தால் எந்தப் பெயரும் பாதி நல்லதுதான். வாசலில் வெயில் படுகிற இடத்தில் அடுக்கி வைத்திருக்கிற கடைக்குப் போகாதே. பச்சை பாட்டிலைவிட பிரவுன் பாட்டில் மேல், வெளிச்சம் உள்ளே போகாது. மூடியில் துரு இருந்தால் திருப்பி வை. தூக்கிப் பார்த்து அடியில் தூசி மாதிரி மிதந்தால் வை. எல்லோரும் தலையாட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போய், கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுக்க, வாங்கிக்கொண்டு வருவோம். அந்தக் காலத்தில் அரசுக் கடையில் நின்று தேதி பார்க்கிற துணிச்சல் யாருக்கு இருந்தது?

ஒரு கோடையில் ஒரு டேங்க் பீரில் பிரச்சினை. மேடம் வெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். இன்னும் இரண்டு நாள் டேங்கைக் கொஞ்சம் சூட்டிலேயே விட்டால் ஈஸ்ட் தானாகவே அந்த வாடையைத் தின்றுவிடும், அதற்குப் பிறகு குளிரவைக்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்கோ வரிசையாக லாரி. மேனேஜருக்கோ மேலிடத்திலிருந்து போன் மேல் போன். கடைசியில் மேனேஜரே அந்த பீரைக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு டம்ளரில் ஜில்லென்று எடுத்துக்கொண்டு லேபுக்குள் வந்தார். டம்ளர் வெளியே வேர்த்துக் கொட்டியது.

"நான் குடிச்சுப் பாத்துட்டேன்மா. ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கு."

"கையில வச்சுக்கினே இருங்க சார்" என்றார் மேடம்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் போன் வந்தது. மேனேஜர் ஒரு கையில் போன், ஒரு கையில் டம்ளரோடு மேலிடத்துக்கு சமாதானம் சொல்லிக்கொண்டே நடந்தார். நல்ல மனிதர், நீளமாகப் பேசுவார். பேசி முடித்துவிட்டு, ஏதோ ஞாபகத்தில் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். முகம் தொங்கிவிட்டது. "பாப்கார்ன் மாதிரி இருக்கேம்மா" என்றார். "நான் வெண்ணெய்னேன், நீங்க பாப்கார்ன்றீங்க. ரெண்டும் ஒண்ணுதான் சார்." இரண்டு நாள் லாரிகள் நின்றன. டிரைவர் ஒருவர், "பேஜாரா கீது மேடம், ஊட்டுக்குப் போவணும்" என்று கெஞ்ச, அவருக்குத் தன் சாப்பாட்டுக்காரியரைத் திறந்து கொடுத்தார். கையெழுத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மனிதர்களிடமும் இதே பன்னிரண்டு டிகிரிதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "குட்மார்னிங் மேடம், வணக்கம் மேடம்" என்று குழைந்துகொண்டிருந்தேன். பதிலுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். திமிர் பிடித்தவர் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் கேட்டருகே லாரியை ரிவர்ஸ் எடுத்து என் சைக்கிளை நசுக்கிய டிரைவரை, வாயில் வந்த எல்லா வார்த்தையாலும் நான் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தபோது மேடம் லேப் ஜன்னலில் நின்று முழுதாகக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"இப்பத்தான் நைனா நீ யாருன்னு தெரிஞ்சுது. இத்தினி நாளு சில்லுனு இருந்த."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அவர் கல்யாணம்தான் எங்கள் எல்லோருக்கும் கவலை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வந்த இடமெல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. பொண்ணு பீர் கம்பெனியாமே. ஜாதகம் பொருந்தும், நிலம் பொருந்தும், கம்பெனி பொருந்தாது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எதுவும் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. அதில் அவர் கெட்டிக்காரர் என்பதும் அவருக்குத் தெரியும்.

மீஞ்சூர் பக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னபோது, அவர் அம்மா எனக்கு ஆள் அனுப்பினார். "ஆம்பள இல்லாத ஊடுப்பா. நீ அண்ணன் மாதிரி வந்து நில்லு." ஜாங்கிரியும் மிக்சரும் வாங்கிக்கொண்டு போனேன். போனதும் அந்த அம்மா என் காதோடு, "கூல்டிரிங்ஸ் கம்பெனின்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்டியே சொல்லிடு" என்றார். எனக்குப் பகீர் என்றது.

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டை, விறைப்பான முதுகு. மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன், வந்ததிலிருந்து ஜமக்காளத்தின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமன். மேடம் தலை நிறைய மல்லிகையோடு காபித்தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்தவர், ஒரு நொடி கூடுதலாக நின்றதைப் பார்த்தேன். அந்த நிற்பு எனக்குத் தெரியும். லேபில் பல தடவை பார்த்தது.

"கூல்டிரிங்ஸ் கம்பெனில கெமிஸ்டாமே, நல்லது" என்றார் அப்பா. "அங்க பீர் கம்பெனிகூட ஒண்ணு கீதாம். அந்த மாதிரி எடமா இருந்தா நாங்க படி ஏறியே இருக்கமாட்டோம். எங்க ஊட்ல அத யாரும் மோந்துகூடப் பாத்ததில்ல."

"அந்த பீர் கம்பெனிதாங்க" என்றார் மேடம். "அம்மா பயந்துக்கினு மாத்திச் சொல்லிட்டாங்க. ருசி பாத்துச் சொல்றது என் வேல."

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். தாய்மாமன் எதற்கோ மின்விசிறியைப் பார்த்தார். பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்திருக்கப் போன நேரத்தில், "அவராண்ட கொஞ்சம் பேசணும்" என்றார் மேடம். மறுக்கிற மாதிரி அவர் கேட்கவில்லை.

தோட்டத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் இருவரும் நின்றார்கள். துணைக்கு நான், கொஞ்சம் தள்ளி. நல்ல வெயில். மேடம் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றார்.

"வேல எதுவா இருந்தா இன்னாங்க, பரவால்ல" என்றார் மாப்பிள்ளை.

மேடம் பேசவில்லை.

"எனக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லைங்க."

அதற்கும் இல்லை. நானாக இருந்தால் இதற்குள் நான்கு கேள்வி கேட்டு, இரண்டு சண்டை போட்டிருப்பேன். எனக்கே கால் மாற்றி நிற்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வீட்டைப் பார்த்தார். அப்புறம் மடமடவென்று சொன்னார்.

"வர்ற வழில ஒரு பாட்டில் குடிச்சிட்டேங்க. மாமாதான் வாங்கித் தந்தாரு. பொண்ணு பாக்க வர்றது பயமா இருந்துச்சு. எப்பவாச்சும்தான் குடிப்பேன். அப்பாவுக்குத் தெரியாது."

"காபி குடுக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப உள்ள ஏங்க சொல்லல? அப்பா அவ்ளோ பேசினாரே."

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றார் மேடம். கொஞ்சம் பொறுத்து, "கூலிங் இல்லாம இருந்துச்சா?"

"ஆமாங்க. கடைல இல்லன்னுட்டாங்க."

"வெயில்ல கெடந்த பாட்டிலு. நனைஞ்ச அட்டப்பொட்டி மாதிரி வாட. அடுத்த தபா தேதி பாத்து வாங்குங்க."

அவர் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார். உள்ளே போனதும் மாப்பிள்ளை தன் அப்பாவிடம், நான் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தாய்மாமன் மிக்சர் தட்டை நோக்கிக் குனிந்துகொண்டார். பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, "கல்யாணம் வேணா நடக்கட்டும். ஆனா அந்த வேலைய வுட்டுடணும்" என்றார். "அது அவங்க இஷ்டம்பா" என்றார் மகன். மேடத்தின் அம்மா, "நீ இன்னாடி சொல்ற?" என்று கேட்க, மேடம் என்னைப் பார்த்தார்.

"அவரு ஆவும் நைனா" என்றார். மாமனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம். மேடம் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வர ஆரம்பித்தார். மில் வீட்டிலிருந்து ஸ்டேஷன் நல்ல தூரம், நடைதான். கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமனார் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை மகனிடம் சொல்வார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக வந்து உட்கார்ந்து சாப்பிடுவாராம். வேலையை விடும்வரை இப்படித்தான் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தார்.

"பெரியவரு இன்னா டிகிரில இருக்காரு மேடம்?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன் நைனா. அப்பவும் பேசலன்னா எழுதிக் குடுத்துட்டு நின்னுடப் போறேன். திட்டினாக்கூட தாங்கலாம். வயசானவரு ஒத்தையா உக்காந்து சாப்பிடறத பாக்க முடியல."

எத்தனையோ நாள் இவர் வேலையை விட்டால் என் லாரி சீக்கிரம் போகும் என்று நானே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வேடிக்கை வாயில் வரவில்லை. லேபில் வேறு யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஜில்லென்று ஒரு வாய் குடித்துவிட்டு உடனே கையெழுத்துப் போடுவதை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

காணும் பொங்கலுக்கு என்னையும் என் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டுக்கறி, வடை, எல்லாம் ஆயிற்று. பெரியவர் கூடத்துக்கு வரவில்லை, மில் அறையிலேயே இருந்தார். மேடம் அவருக்காக மூடிவைத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பலாமா என்று யோசித்த நேரத்தில் பெரியவர் உள்ளே வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று. நேராக மருமகள் முன்னால் வந்து மேசைமேல் வைத்துத் தாளை விலக்கினார். பிரவுன் பாட்டில், ஸ்ட்ராங். ஐஸ் பூத்திருந்தது.

"இது நல்லதான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார்.

என் மனைவி வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். மாமியார் சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அட மனுசா, எத்தினி வருசமா?" என்றார்.

"மில்லு ஆரம்பிச்சதுலேருந்து. எப்பவாச்சும். கணக்குப்பிள்ள ஊட்டு ஃப்ரிட்ஜுல வப்பேன்." மனைவி பக்கம் திரும்பாமலேயே சொன்னார். பிறகு மகனைப் பார்த்தார். "நீ அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்ட. எனக்கு அந்தத் துணிச்சல் இல்ல. அதான் யார் கூடவும் உக்காந்து சாப்பிட முடியல."

மேடம் பாட்டிலைத் திருப்பித் தேதியைப் படித்தார். மூடியைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.

"புது சரக்குதான் மாமா. ஆனா இன்னும் ஆவல. கொஞ்ச நேரம் வெளில இருக்கட்டும்."

பெரியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே பாட்டில். முதலில் அவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நெல்லைப் பற்றி ஆரம்பித்தார். அரைக்க வருகிற நெல்லில் ஈரம் இருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்ப்பார்களாம், இவர் ஒரு நெல்லைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவாராம். "நீ நாக்குல பாக்கற, நான் பல்லுல பாக்கறேன், அவ்ளோதான?" என்றார். மேடம் தன் ஊர் நெல்லைப் பற்றிச் சொன்னார். எந்த வயல் நெல் கடித்தால் எப்படி நொறுங்கும் என்று இருவரும் வாதாடினார்கள். தட்டைக் கொண்டுவந்து வைத்தார் மாமியார். பெரியவர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், துண்டில் துடைத்தபடி கேட்டார்.

"காலைல எந்த ரயிலும்மா நீ புடிக்கறது? இருட்டுல நடந்து போற. ஸ்டேஷன் வரைக்கும் நான் ஸ்கூட்டர்ல வுட்டுட்டு வரேன்."

மேடம் குனிந்து பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ராங் பீருக்குப் பத்து டிகிரி என்று எனக்குப் பாடம் எடுத்தவர். அந்தப் பாட்டில் பத்தையும் தாண்டி, பன்னிரண்டையும் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. மேசையில் வேர்த்த ஈரம்கூடக் காய்ந்துவிட்டது, எனக்கே தெரிந்தது.

"ஆவும் மாமா" என்றார்.